ரப்பர் பேண்ட் சுற்றிய ஸ்கேனர்

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வது மனிதவளத் துறையில் வழக்கம். எக்ஸிட் இன்டர்வியூ என்பார்கள். இருபது வருடத்தில் எத்தனையோ பேரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன். 'விலகக் காரணம்' என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எழுதுவது 'சொந்தக் காரணம்'தான். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை யாரும் உண்மையைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள்.

அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். மருத்துவமனைக் கருவிகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் கிடங்கில், பேக்கிங் பிரிவில் ஆறு வருடம் இருந்தவர். பிரிவிலேயே அதிகம் கட்டுபவர், தவறு குறைவாகச் செய்பவர். புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் அவர் பக்கத்தில்தான் நிறுத்துவோம். அவர் போகிறார் என்றதும் சம்பளம்தான் காரணமாக இருக்கும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அடையாள அட்டை, லாக்கர் சாவி எல்லாவற்றையும் மேசை மேல் வைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு அப்புறம் அந்த நாலாவது மேசைக்கு யாரைப் போட்டாலும், முதல்ல ஸ்கேனரை மாத்திக் கொடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை கீழே போய்ப் பார்த்தேன். பேட்டரி மூடி உடைந்து, விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. ஒன்றல்ல, மூன்று, மேலே இருந்த ரப்பர் பேண்ட் புதுசு. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு வரும், படிக்காது. கொஞ்சம் சாய்த்து இன்னொரு தடவை அழுத்த வேண்டும். அதற்கும் படிக்கவில்லை என்றால் பட்டைக்குறியீட்டின் கீழே இருக்கும் 13 இலக்கத்தையும் கையால் அடிக்க வேண்டும். நான் பத்து பெட்டி எடுத்துச் செய்து பார்த்தேன். நான்கு பெட்டிக்குக் கையால் அடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது தடவை என்னை அறியாமல் கருவியை மேசையில் தட்டினேன். மேசையின் ஓரத்தில் அதே இடத்தில் ஏற்கெனவே தட்டித் தட்டிப் பெயின்ட் உரிந்திருந்தது.

பிரிவின் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்கேனர் பற்றி அவர் கையெழுத்தில் மூன்று பதிவுகள். முதல் பதிவு நான்கு வரி. எப்போது நிற்கிறது, எப்படி அழுத்தினால் படிக்கிறது என்பது வரை விவரமாக எழுதியிருந்தார். இரண்டாவது ஒன்றரை வரி. மூன்றாவது, 'ஸ்கேனர். மறுபடியும்.' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பக்கத்தில் 'பார்க்கப்பட்டது' என்று யாரோ எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். மூன்றாவது பதிவுக்கும் அவர் ராஜினாமாக் கடிதத்துக்கும் நடுவில், அதே பிரிவுக்கு ஊக்கம் ஊட்டுவதற்காக வெளியிலிருந்து பேச்சாளரை வரவழைத்து அரை நாள் பயிற்சி நடத்தியிருக்கிறேன். அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். கைதட்டக்கூட செய்திருப்பார்.

அந்த அரை நாளை நினைத்தால் இப்போதும் மனது சங்கடப்படுகிறது. ஊழியர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று எங்கள் துறையில் ஓயாமல் பேசுகிறோம். ஆள் வெறும் பாத்திரம் போலவும், நாம்தான் ஊற்றி நிரப்ப வேண்டும் என்பது போலவும் பேசுகிறோம். அந்த மூன்று பதிவுகளைப் பார்த்த பிறகு என்னால் அப்படிப் பேச முடியவில்லை. நான்கு வரியில் விவரமாகப் புகார் எழுதுகிறவருக்கு ஊக்கத்தில் என்ன குறை? வேலை சரியாக நடக்க வேண்டும் என்ற அக்கறை இருப்பவர்தான் அப்படி எழுதுவார். வரும்போதே கொண்டுவந்த அக்கறை அது. நான்கு வரி ஒன்றரை வரியாகி, ஒன்றரை வரி இரண்டு சொல்லாகித் தேய்ந்தது எங்கள் கண் முன்னால்தான்.

தெரேசா அமபிலே, ஸ்டீவன் கிராமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 7 நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் வேலை முடிந்ததும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். சேர்ந்தவை கிட்டத்தட்ட 12,000 குறிப்புகள். எந்த நாளில் மனம் உற்சாகமாக இருந்தது, அன்று என்ன நடந்தது என்று பொருத்திப் பார்த்தபோது மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நின்றது, வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்ததா என்பதுதான். பாராட்டு, ஊக்கத்தொகை எல்லாம் அதற்குப் பின்னால். வேலை தடைப்பட்ட நாளில் மனம் சோர்ந்தது. ஊழியர்களை எது ஊக்கப்படுத்துகிறது என்று 600-க்கும் மேற்பட்ட மேலாளர்களிடம் கேட்டு, ஐந்து விஷயங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வேலை முன்னேறத் துணை நிற்பதை அவர்கள் கடைசி இடத்தில் வைத்தார்கள். 2011-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன. நான் அப்போதே படித்தேன், குறித்தும் வைத்தேன். ஸ்கேனர் விஷயத்தில் அது உதவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து படித்தது வேறு, நாலாவது மேசையில் நின்று பொத்தானை அழுத்தியது வேறு.

மனிதவளம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஹாத்தார்ன் ஆய்வு மனப்பாடம். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு இருந்த பெரிய ஆலைதான் ஹாத்தார்ன். 1924-ல் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டியபோதும் கூடியது, குறைத்தபோதும் கூடியது. 'தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள்' என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரியில் ஒப்புதல் இல்லை. அந்த ஆலையில் எட்டு ஒன்பது வருடம் நடந்ததில் அதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

1927-ல் ஆறு பெண்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஐந்து பேர் தொலைபேசிக்கான ரிலே என்ற சிறு மின்சுவிட்சுகளைப் பாகம் பாகமாகப் பூட்டுவார்கள், ஒருவர் உதிரிகளை எடுத்துக் கொடுப்பார். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், பேசிக்கொண்டே வேலை செய்ய விட்டார்கள். உற்பத்தி படிப்படியாக ஏறியது. இதோடு கதையை நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் அந்த அறைக்கு வந்ததும் அவர்களுடைய ஊதிய முறையும் மாறியது. நூறு பேர் கொண்ட பெரிய குழுவின் கணக்கிலிருந்து பிரித்து, அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கே கூலி கணக்கிட்டார்கள். தன் உழைப்பு தன் சம்பளத்தில் தெரிய ஆரம்பித்தது. அதுமட்டுமில்லை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இரண்டு பேரை 1928 ஜனவரியில் எடுத்துவிட்டு வேறு இரண்டு பேரைப் போட்டார்கள். வெறும் கவனிப்பால் மட்டும் எல்லாம் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

எனக்கு அதில் மிகவும் பிடித்தது நேர்காணல் திட்டம். 1928-ல் தொடங்கி 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. மேற்பார்வையாளர் எப்படி, வேலை எப்படி என்று கேட்பார்கள். ஆட்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசப் போய்விடுவார்கள். கொஞ்ச காலத்தில் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்பது என்று முறையையே மாற்றினார்கள். கேட்பதே ஒரு வேலை, அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும் என்று ஒரு பெரிய ஆலை கண்டுகொண்ட தருணம் அது.

இன்னொரு அறையில், 1931 கடைசியில், 14 ஆண்கள் தொலைபேசி இணைப்பகப் பலகைகளுக்குக் கம்பி இணைக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். அங்கே தலைகீழாக நடந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நியாயம் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதைத் தாண்டி ஓடுகிறவரைக் கிண்டல் செய்தார்கள், தோளுக்குக் கீழே ஒரு குத்து விட்டார்கள். உற்பத்தி ஏறவே இல்லை. சோம்பல் என்று சொல்லிவிடலாம். அவர்களுக்கு இருந்த பயம் வேறு: அதிகம் செய்து காட்டினால் நாளைக்கு அதையே அளவாக வைத்துக் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், இல்லை ஆளைக் குறைப்பார்கள். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம் வேறு. அந்தப் பயத்தில் என்ன தவறு இருக்கிறது?

எங்கள் பேக்கிங் பிரிவிலும் அந்தக் கணக்கு உண்டு. மதியத்துக்குள் டார்கெட்டை நெருங்கிவிட்டவர்கள் அதன் பிறகு நிதானமாகக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசருக்குக் கோபம் வரும். நான் ஒரு மூத்தவரிடம் தனியாகக் கேட்டேன். "போன வருஷம் ஒரு வாரம் வேகமா கட்டினோம் மேடம். அடுத்த மாசம் அதுதான் டார்கெட்" என்றார். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. டார்கெட்டை ஏற்றிய கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது.

டார்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இன்றைக்கும் நிற்கிறது: 'முடிந்தவரை நன்றாகச் செய்' என்று சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கைக் கொடுத்தால் ஆட்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். லேதம் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வு 1975-ல் வந்தது. சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். ஏற்றினால் பரிசு இல்லை, ஏற்றாவிட்டால் தண்டனையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் 80 வரை ஏறியது. இரண்டாவது மாதம் 70-க்கு இறங்கியது. அந்த இறக்கம்தான் எனக்கு முக்கியம். தண்டனை இல்லை என்றார்களே, உண்மையா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம். யாரையும் எதுவும் செய்யவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து 90-ஐத் தாண்டியது. நிர்வாகம் அந்த இரண்டாவது மாதத்தில் பொறுமை இழந்து யாரையாவது கூப்பிட்டுத் திட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு ஊழியரும் வாடிக்கையாளர் தலையில் இத்தனை கணக்குகளைக் கட்ட வேண்டும் என்று விற்பனை இலக்கு வைத்து நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 185 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் எண் கடினம்தான். லாரியில் எவ்வளவு ஏற்றுவது என்பது ஓட்டுநர் கையில் இருந்தது, எடைமேடை பொய் சொல்லாது, தவறினால் சோறு போகாது. வங்கியில் வாடிக்கையாளருக்கு இன்னொரு கணக்கு தேவையா என்பது ஊழியர் கையில் இல்லவே இல்லை. ஒருவர் கையில் இல்லாததற்கு அவரைப் பொறுப்பாக்கினால் அவர் முன் இருப்பது இரண்டே வழி, பொய் சொல்வது அல்லது விலகுவது. உடைந்த ஸ்கேனரைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையைக் கேட்டதும் இதில்தான் சேரும்.

சம்பளத்தைப் பற்றி நேராகவே பேசிவிடுகிறேன், ஏனென்றால் 'பணம் மட்டும் ஊக்கம் தராது' என்ற வாக்கியத்தை இன்க்ரிமென்ட் கேட்டு வருகிறவரிடம் சொல்கிற மேலாளர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த வாக்கியத்தின் வேர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர். 1959-ல் வெளிவந்த ஆய்வுக்காகப் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டார்: வேலையில் மிகவும் நன்றாக உணர்ந்த சமயம் எது, மிகவும் மோசமாக உணர்ந்த சமயம் எது? நல்ல சமயங்களில் வந்தவை சாதித்தது, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு. மோசமான சமயங்களில் வந்தவை நிறுவனத்தின் நடைமுறை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் இல்லை, தனித்தனித் தராசுகள் என்றார் அவர். நல்லதுக்குத் தன்னையும் கெட்டதுக்கு மற்றவர்களையும் காரணம் காட்டுவது மனித இயல்பு, அதனால் கேட்ட முறையிலேயே இந்த முடிவு ஒளிந்திருக்கிறது என்று எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் வாதத்திலும் வலு இருக்கிறது. ஆனால் ஹெர்ஸ்பெர்க் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், சம்பளத்தைக் குறைவாகக் கொடுக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தத் தராசைச் சரி செய்யாமல் அடுத்ததற்குப் போகாதே என்பதுதான் அதில் இருப்பது.

1913-ல் ஃபோர்டு தொழிற்சாலையில் ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஒரு வருடத்தில் ஆள் மாற்றம் 370 சதவீதம். அதாவது ஒரு இடத்தை நிரப்பி வைக்க மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. நகரும் பட்டையில் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்யும் வேலை, யாருக்குத் தாங்கும்? 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர், 8 மணி நேரம் என்று அறிவித்தார்கள். முன்பு கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை கேட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது, ஆள் மாற்றம் மடமடவென்று இறங்கியது. அதில் ஒரு கசப்பும் இருந்தது: முழுத் தொகை வேண்டுமானால் வீட்டுக்கு ஆள் வந்து எப்படி வாழ்கிறாய் என்று பார்ப்பார்கள். ஆனாலும் போதுமான சம்பளம் ஒருவரை இருத்தி வைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

தொகையைவிடக் கூர்மையாகக் குத்துவது ஒப்பீடு. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்தபோது பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைப் பற்றித் தெரிவித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. தங்கள் துறையின் சம்பள வரிசையில் நடுவுக்குக் கீழே இருக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. நடுவுக்கு மேலே வாங்குகிறவர்களுக்குத் திருப்தி ஒன்றும் கூடவில்லை. அதாவது சமனில்லாத சம்பளத்தால் ஒருவருக்கு வலி மட்டும் மிச்சம், இன்னொருவருக்கு லாபமும் இல்லை.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, அவன் சம்பளச் சீட்டை அவன் காட்டியே பார்த்துவிட்டார். எட்டு வருட அனுபவம் உள்ள அவரைவிட அவனுக்கு அதிகம். வெளியே ஆள் கிடைக்காத சமயத்தில் அவசரத்துக்குக் கூட்டிக் கொடுத்து எடுத்திருந்தோம். உள்ளே இருப்பவர்களை யோசிக்கவே இல்லை. அவர் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். அவர் சம்பளத்தைச் சரி செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது. பழையபடி அவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, வெளியிலிருந்து ஒருவரை எடுக்கும் தொகையை முடிவு செய்யும் முன் அதே வேலையில் உள்ளே இருக்கும் எல்லோருடைய சம்பளத்தையும் பக்கத்தில் வைக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஊழியர்களின் வேலையை மதிப்பிட்டு எண் போடும் அப்ரைசல் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறையாது, ஏனென்றால் மனிதவளத் துறை என்றாலே ஊழியர்களுக்கு நினைவுக்கு வருவது அதுதான். முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் கட்டாயப் பங்கீடு இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர்தான் மேலே, இத்தனை பேர் கண்டிப்பாகக் கீழே. பத்து பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவரைக் கீழே தள்ளித்தான் ஆக வேண்டும். ஒரு வருடம் ஒரு மேலாளர் நான்கு கொடுத்திருந்த ஒருவருக்குக் கணக்கு இடிக்கிறது என்பதற்காக மூன்றாக மாற்றினோம். அறையில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. அந்த ரேட்டிங் தாளை அவர் வாங்கிப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், அங்கே ஏதாவது எழுதியிருக்குமா என்று. வெற்றுத் தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்றார். மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த வெற்றுப் பின்பக்கம்தான் ஞாபகம் வந்தது.

ஒருவர் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வது, அதாவது ஃபீட்பேக் கொடுப்பது, எப்போதும் நல்லது என்று நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, 607 விளைவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். 'நீ கவனக்குறைவு' என்று சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். 'இந்த மூன்று பெட்டியிலும் லேபிள் மாறியிருக்கு, மூன்றும் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கட்டியது' என்று சொன்னால் அவரும் நம்மோடு சேர்ந்து அந்தப் பெட்டிகளைப் பார்ப்பார். எங்கள் சூப்பர்வைசர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியில் இன்று பாதி நேரம் இதற்கே போகிறது. தீர்ப்பைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள் என்று உட்கார வைத்துச் சொல்ல வைத்துப் பார்க்கிறோம். முதல் தடவை யாருக்கும் வருவதில்லை.

சூப்பர்வைசர்கள் மேல் பழியைப் போடவும் எனக்கு மனம் வரவில்லை. நன்றாகப் பெட்டி கட்டியவரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். நேற்றுவரை பெட்டியோடு பழகியவர் இன்று பன்னிரண்டு பேரோடு பழக வேண்டும். விற்பனைப் பிரிவுகளை வைத்து 2019-ல் வந்த ஒரு ஆய்வில், அதிகம் விற்றவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதும், அவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனை இறங்குவதும் சேர்ந்தே தெரிந்தது. திறமைக்கு மரியாதை செய்ய வேறு வழி வைத்திருக்காதது நிர்வாகத்தின் குறை. மேலே போக ஒரே ஏணி இருந்தால் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள்.

வேலையின் அர்த்தத்தைப் பற்றிப் பெரிய சொற்களில் பேச எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒன்று செய்து பார்த்தோம். உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு யோசனை தந்தது. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன் செய்யும் பிரிவில், அந்த நன்கொடையில் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்திக்க வைத்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தன. நாங்கள் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பரைக் கிடங்குக்கு அழைத்தோம். பேச்சு எதுவும் வேண்டாம், கேட்கிறதுக்குப் பதில் சொன்னால் போதும் என்றோம். பத்து நிமிடம் என்று நினைத்தது முக்கால் மணி நேரம் ஓடியது. தவறான பாகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். கருவியை ஓரமாகத் தள்ளிவிட்டு நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவோம், சில சமயம் ராத்திரி என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பெண் எழுந்து, எங்கள் பெட்டியை அவசரத்தில் பிரிக்கும்போது எது சிரமம் என்று கேட்டார். உள்ளே இருக்கும் பாகத்தின் எண் வெளியே ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, அலமாரியில் அடுக்கினால் தெரிவதில்லை என்றார் அவர். இப்போது இரண்டு பக்கம் ஒட்டுகிறார்கள். அதைச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

ஸ்கேனருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான்: போகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளை இருப்பவர்களிடம் கேட்கிறேன். வாரத்துக்கு மூன்று பேர். அவர்களை என் அறைக்கு வரச் சொல்வதில்லை, அவர்கள் மேசைக்குப் போகிறேன். இந்த வாரம் உங்கள் வேலையை எது நிறுத்தியது? எதைச் சொல்லிச் சொல்லி விட்டுவிட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்குத்தான் விஷயம் வரும். அநேகமாக எல்லாமே சின்னது: பேசினால் கேட்காத இன்டர்காம், ஒரே ஒரு கத்தரி, ஷிப்ட் பட்டியல் முந்தின நாள் இரவுதான் வருவது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல் என்பதால் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முடியாது என்பதும் பதில்தான். முடியாததற்குக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மௌனத்தைத்தான் யாராலும் ஏற்க முடிவதில்லை.

புகார்ப் புத்தகத்தில் 'பார்க்கப்பட்டது' என்ற சொல்லை ஒழித்துவிட்டோம். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், என்ன ஆனது என்று மூன்று கட்டம். முதல் மாதம் பதிவுகள் மளமளவென்று கூடின. மேலிடத்தில் கவலைப்பட்டார்கள், பிரிவு மோசமாகிறதோ என்று. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் பார்த்ததை அவர்களிடம் சொன்னேன். நன்றாக நடக்கும் பிரிவுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்ததால் அப்படி இல்லை, பயமில்லாமல் சொல்ல முடிந்ததால். ஸ்கேனர் பற்றிய மூன்றாவது பதிவுக்குப் பிறகு அந்தப் பழைய புத்தகம் காலியாக இருந்ததையும் எடுத்துக் காட்டினேன். புகாரே பதிவாகாத அந்த மாதங்களில்தான் நாங்கள் ஒரு நல்ல ஆளை இழந்துகொண்டிருந்தோம்.

இதனால் எல்லோரும் தங்கிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். போகிறவர்கள் போகிறார்கள். வீடு மாறுகிறார்கள், மேலே படிக்கிறார்கள், வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைக்கிறது. அவருக்கு ஒரு தடவை போன் செய்து ஸ்கேனரை மாற்றிவிட்டோம் என்று சொன்னேன். "அப்படியா மேடம், நல்லது" என்றார். திரும்பி வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

நேற்று புத்தகத்தில் புதுப் பதிவு ஒன்று. இரவு ஷிப்டில் இருக்கும் ஒரு தம்பி எழுதியது. ஆறாவது மேசையின் உயரம் அவருக்குப் போதவில்லை, குனிந்து குனிந்து முதுகு பிடிக்கிறது. மேசைக்கு அடியில் என்ன வைத்து உயர்த்தலாம், எத்தனை அங்குலம் என்று படம்கூட வரைந்திருக்கிறார். முழுசாக ஐந்து வரி. பராமரிப்புப் பிரிவுக்காரர் வியாழக்கிழமைக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் தொடங்கும்போது நான் அங்கே போகிறேன்.